ரங்கையா, கோவிந்து

19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவர ஓவியர்கள், தெலுங்கு மரபினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819-இல் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட் (1796–1872) இவர்களை வேலைக்கு அமர்த்தினார். தென்னிந்தியத் தாவரவியலுக்கு அடித்தளமிட்ட நூல்கள் வைட்டின் பெயரில் வந்தன. அவற்றின் படங்களில் பெரும்பகுதி இவ்விருவரின் கைவேலை.

கம்பெனி அதிகாரிகளுக்காகச் செடிகளை வரைந்த இந்தியர்களின் பெயர் அச்சேறுவது அப்போது அரிது. சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றி வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதிய நூலில் (1795–1820) 300 வண்ணப் படங்கள் உண்டு. வரைந்த கலைஞர்கள் யார் என்ற குறிப்பு இல்லை. வைட்டின் நூல்களிலோ படத்தின் அடியில் ரங்கையாவின் பெயரும் பின்னாளில் கோவிந்துவின் பெயரும் பொறிக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கு இது சிறிய மரியாதை அல்ல.

1828-இல் அரசு வைட்டின் இயற்கை ஆய்வாளர் பதவியை ஒழித்து, அவரை நாகப்பட்டினத்துக்கு மாற்றியது. ரங்கையாவின் படங்களை வைட் கிளாஸ்கோவில் இருந்த தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அவற்றை 1830-களின் தொடக்கத்தில் தம் இதழில் வெளியிட்டார். பின்னர் வைட் சென்னையிலேயே கல்லச்சில் படங்களை அச்சிடத் துணிந்தார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து மை பூசினால், வரைந்த கோடு மட்டுமே மையைப் பிடிக்கும். செப்புத் தகட்டைவிட இது மலிவு. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த 'ஐகோன்ஸ்' நூலில் 2101 படங்கள், வண்ணம் இல்லை. லண்டனில் அச்சான ஆடம்பரப் பதிப்புகளுக்கு அருகில் வைத்தால் எளிமையாகத்தான் தெரியும். ஆனால் செடியை அடையாளம் காண வேண்டியவருக்குப் பயன்பட்டது இதுவே.

ஒரு படத்தை உற்றுப் பார்த்தால் காரணம் விளங்கும். பூத்த கிளை தாளை நிறைத்து நிற்கும். ஓரத்தில் பிரித்த இதழ், மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூலகம் ஆகியவை பெரிதாக்கித் தரப்பட்டிருக்கும். கிளை எத்தனை அழகாக இருந்தாலும் சாட்சி சொல்பவை இந்தத் துண்டுப் படங்கள்தாம். சூலறைகளின் எண்ணிக்கை பிசகினால் செடியைத் தவறான குடும்பத்தில் சேர்க்க நேரிடும்.

1840-களின் நடுவில் ரங்கையாவின் இடத்துக்குக் கோவிந்து வந்தார். வைட் அப்போது கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சாகுபடிச் சோதனைகளைக் கவனித்து வந்தார். நீலகிரிச் செடிகள் பலவும் இக்காலத்தில் வரையப்பட்டன. 1853-இல் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். பின்வந்தோர் அதை 'டிராப்பிடியா'வுடன் சேர்த்துவிட்டனர். ரங்கையாவின் பெயர் 1832-லேயே 'ருங்கியா' என்ற பேரினத்துக்குச் சூட்டப்பட்டிருந்தது. கோடகசாலை என்னும் சிறு மூலிகை 'ருங்கியா ரெபன்ஸ்' என்றே நம் மூலிகை நூல்களில் இடம்பெறுகிறது.

இருவரின் மூல ஓவியங்களும் எடின்பரோ, கியூ தாவரவியல் பூங்காக்களில் உள்ளன. 'ஐகோன்ஸ்' தொகுதிகளை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.