பழைய காரும் குளிர்வாயுவும்

அரியலூர், பெரம்பலூர் வாசகர்களுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அது காரின் கண்டன்சரை அடைத்தால் ஏ.சி. குளிர்ச்சி குறையும், கழுவினால் சரியாகிவிடும். வாயுவே கசிந்துபோயிருந்தால் கதை வேறு.

1990-க்கு முந்தைய கார்களில் இருந்தது ஆர்-12 என்னும் குளோரோபுளூரோகார்பன். 1930-ஐ ஒட்டி அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கியது. எரியாது, நஞ்சுமில்லை, அம்மோனியாவுக்கு அஞ்சிக்கொண்டிருந்த உலகம் அதை வரவேற்றதில் வியப்பென்ன? அதன் குளோரின் ஓசோனை அழிக்கக்கூடும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தனர். 1987-இல் மாண்ட்ரீல் உடன்பாடு உருவானது. 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

கார்களில் மாற்றாக வந்தது ஆர்-134ஏ. பழைய காரில் அதை அப்படியே நிரப்பலாமா? கூடாது. பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவில் கரையாது. ஆகவே கம்ப்ரசருக்குத் திரும்பாது. உயவின்றிக் கம்ப்ரசர் இறுகிவிடும். எண்ணெயை வடித்து எஸ்டர் எண்ணெய் ஊற்றி, ரப்பர் வளையங்களையும் டிரையரையும் மாற்றி, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பினால் உறிஞ்சிய பிறகே வாயு ஏற்ற வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, மிஞ்சியுள்ள ஆர்-12-ஐ வெளியே விடாமல் உருளையில் பிடிப்பது முதல் வேலை. அதன் வளிமண்டல ஆயுள் சுமார் 100 ஆண்டு. 1980-இல் கார்களிலிருந்து கசிந்ததில் பாதிக்கு மேல் இன்னும் வானில்தான் இருக்கிறது.