லயத்து வீட்டுச் சாவியும் கணினியின் நினைவகமும்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளி என்றால் வார விடுமுறை. அலோர்ஸ்டார், மெர்கோங் வட்டாரத்தில் அரசு அலுவலகங்கள் அடைத்திருந்தன. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் புறப்படும் நேரம். மலேசிய நேரப்படி நண்பகல் 12 மணி 9 நிமிடத்திற்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பி வைத்தது. அதை வாங்கிய விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றன. மறுபடி இயக்கினால் மறுபடியும் நீலத் திரை. 78 நிமிடங்களில் நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன. இது மைக்ரோசாப்ட் சொன்ன கணக்கு.

கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் ஏர் ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தார்கள். இந்தியாவில் விமானப் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மலேசியாவில் ஐந்து அரசு நிறுவனங்களும், விமானப் போக்குவரத்து, வங்கி, மருத்துவத் துறைகளைச் சேர்ந்த ஒன்பது நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாக இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ அறிவித்தார். இழப்பை ஈடு செய்வது பற்றி யோசிக்கும்படி அந்த இரு நிறுவனங்களையும் அவர் கேட்டுக்கொண்டார்.

இத்தனைக்கும் காரணம் என்ன? வைரஸா? ஊடுருவலா? இரண்டும் இல்லை. இருபது பொருள் வைத்திருந்த வரிசையில் இருபத்தொன்றாவதை ஒரு நிரல் எட்டிப் படிக்கப் பார்த்தது. அவ்வளவுதான்.

சாதாரண மென்பொருள் இந்தத் தவறைச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். எழுதிக்கொண்டிருந்த கடிதம் போகும், பாட்டு நிற்கும், கணினி பிழைத்துக்கொள்ளும். ஆனால் தவறு செய்த நிரல் ஓடிக்கொண்டிருந்த இடம் வேறு. அது கெர்னல் என்று சொல்லப்படும் இயங்குதளத்தின் உள்கரு. அங்கே தவறு நேர்ந்தால் தூக்கி நிறுத்த மேலே ஆள் கிடையாது. எதை நம்புவது என்று தெரியாத நிலையில் கெர்னல் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரையின் பொருள் அதுதான்.

பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கெர்னலைக் கிராணியின் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவகம் என்பது லயத்து வீடுகள். புதுக் குடும்பம் வந்தால் கிராணி பேரேட்டைப் புரட்டிக் காலி வீட்டின் சாவியைக் கொடுக்கிறார். குடும்பம் போனால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, வீடு காலி என்று குறிக்கிறார். கணினியில் இந்த வேலை ஒரு நொடியில் லட்சக்கணக்கான முறை நடக்கிறது. மற்ற மென்பொருள்கள் எல்லாம் குடியிருப்பவர்கள். தவறு செய்தால் கிராணி தட்டிக் கேட்பார். கிராணியே பேரேட்டில் தவறாக எழுதினால் யார் கேட்பது?

சாவியைத் திருப்பிக் கொடுத்த குடும்பம் மாற்றுச் சாவி ஒன்றைக் கையில் வைத்திருந்து, புதுக் குடித்தனம் வந்த பிறகு உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? விடுவித்த இடத்தை மீண்டும் பயன்படுத்தும் பிழை அது. ஒரே வீட்டைக் கிராணி காலிப் பட்டியலில் இரண்டு முறை எழுதிவிட்டால், அந்த ஒரு வீடு இரண்டு குடும்பங்களுக்குப் போகும். இரட்டை விடுவிப்பு என்பது இதுதான். அறியாமல் நடந்தால் கணினி நிற்கும். தெரிந்தே ஒருவன் அந்த இரண்டாவது குடும்பமாகத் தன்னை நுழைத்துக்கொண்டால் கணினி அவன் கைக்குப் போய்விடும்.

நினைவகம் என்ற பொருள் வடமலேசியாவுக்கு அந்நியமானதல்ல. நினைவகச் சில்லுகளால் பெயர் பெற்ற இன்டெல் நிறுவனம், வெளிநாட்டில் தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில்தான் தொடங்கியது. மின்னியல் தொழிற்சாலைகள் பெருகியபோது, கெடா தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் ரப்பர் மரத்தை விட்டுவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். சில்லுகளைப் பொருத்திச் சோதித்துப் பெட்டியில் அடுக்கிய கைகளில் அந்தக் கைகளும் உண்டு. அந்தச் சில்லுக்குள் இடத்தைப் பங்கிடுவது எப்படி என்பதுதான் இன்னொரு பக்கத்து வரலாறு.

அது 1960-களில் தொடங்குகிறது. பெரிய இடத்தை இரண்டாகப் பிளந்து, தேவைப்பட்டால் மீண்டும் இரண்டாகப் பிளந்து கொடுப்பது, திரும்பி வந்ததும் பக்கத்துப் பாதியோடு சேர்த்துவிடுவது என்ற முறையை பெல் ஆய்வகத்தின் கென்னத் நோல்ட்டன் 1965-இல் வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1963-இல், ஹாரி மார்க்கோவிட்ஸ் இதைக் கையாண்டிருந்தார். ஆம், முதலீட்டைப் பங்கிடும் கோட்பாட்டுக்காக 1990-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அதே மார்க்கோவிட்ஸ்தான். பங்கிடுவது அவருக்குக் கைவந்த கலை போலும்! 'ஜோடி முறை' எனப்படும் இது இன்றும் லினக்ஸ் கெர்னலின் அடித்தளத்தில் இருக்கிறது.

1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1973-இல் அதன் கெர்னலை ரிட்சியின் சி மொழியில் திருப்பி எழுதினார்கள். சி மொழி வேகமானது, சிக்கனமானது. ஆனால் எதையும் சரிபார்க்காது. இருபது வீட்டு லயத்தில் இருபத்தொன்றாம் வீட்டைக் கேட்டால், 'அப்படி ஒரு வீடு இல்லையே' என்று சொல்லாது. லயத்தைத் தாண்டி அடுத்து என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். மாட்டுக் கொட்டகையாக இருந்தாலும் சரி. அந்தக் காலத்தில் இது குறையாகத் தெரியவில்லை. யூனிக்ஸைத் தொட்டவர்கள் சிலரே. அவர்களும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்.

அந்தப் பழைய பேரேடு எவ்வளவு சிறியது என்பதைச் சிட்னிப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் 1970-களில் தம் மாணவர்களுக்காக எழுதிய விளக்கநூலில் காணலாம். இடம் கொடுக்க ஒரு சிறு செயல், திரும்ப வாங்க ஒன்று. போதுமான அளவுள்ள முதல் காலியிடத்தைக் கொடு. திரும்பி வந்தால் அக்கம்பக்கத்துக் காலியிடத்தோடு ஒட்டு. அந்த நூலுக்குத் தடை வந்ததும், உலகம் முழுவதும் மாணவர்கள் நகலெடுத்துக் கைமாற்றிப் படித்தார்கள். 1996-இல்தான் அது முறையாக அச்சானது. ஒரு தலைமுறை கெர்னல் நிரலர்கள் அந்த மங்கிய நகல்களில்தான் பாடம் கற்றார்கள்.

யூனிக்ஸ் வளர்ந்தது, பேரேடுகளும் பெருகின. 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மெக்குசிக்கும் காரெல்சும் எண்ணிப் பார்த்தபோது, ஒரே கெர்னலுக்குள் குறைந்தது பத்து வெவ்வேறு பங்கீட்டு முறைகள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக ஒரே பொது முறையை அவர்கள் வகுத்தார்கள். 1994-இல் சன் நிறுவனத்தின் ஜெஃப் போன்விக், ஒரே அளவுள்ள வீடுகளைத் தயாராக ஒரே வரிசையில் வைத்திருக்கும் 'ஸ்லாப்' முறையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு தந்திரமும் இருந்தது. சோதனை செய்யும் நேரத்தில், விடுவிக்கப்பட்ட இடம் முழுவதிலும் 'டெட்பீஃப்' என்று படிக்கக்கூடிய ஓர் எண்ணை நிரப்பி வைப்பார்கள். செத்த மாட்டிறைச்சி என்று பொருள்! நிரல் தடுமாறும் இடத்தில் அந்த எண் கண்ணில் பட்டால், யாரோ காலி வீட்டுக்குள் புகுந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இந்தப் பாடங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, தன் விதிகளையும் சேர்த்துக்கொண்டது. இடம் கேட்பவர் தாம் யார் என்று சொல்லியாக வேண்டும். காத்திருக்க முடிந்தவரா? அப்படியானால் பெஞ்சில் உட்கார வைக்கலாம். இடம் ஒழியும்போது கிடைக்கும். வன்பொருளின் அவசர அழைப்புக்கு ஓடி வந்தவரா? அவரைக் காக்க வைக்கக்கூடாது. தீ விபத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்தவனை உட்காரச் சொன்னால் தோட்டமே எரியும். உடனே கொடு, அல்லது இல்லை என்று சொல். இந்த இரண்டு வகைக் கேள்வியையும் மாற்றிக் கேட்டதால் உறைந்து நின்ற கணினிகள் ஏராளம்.

'இல்லை' என்ற பதிலைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும் என்பது விதி. நிரலர்கள் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதியும் வைத்தார்கள். ஆனால் 2014-இன் இறுதியில் ஒரு வேடிக்கை பெரிய விவாதமானது. சிறிய அளவு இடம் கேட்டால் லினக்ஸ் பெரும்பாலும் 'இல்லை' என்றே சொல்லாது. எங்கிருந்தாவது கொண்டுவரும் வரை சுற்றிச் சுற்றித் தேடும். அப்படியானால் தோல்வியைச் சமாளிக்க எழுதிய வரிகளெல்லாம்? ஓடிப் பார்த்ததே இல்லை. சோதிக்கப்படாத அந்த வரிகளுக்குள் எத்தனை பிழைகள் ஒளிந்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. 'இல்லை' என்று சொல்லத் தொடங்கினால் அவை வெளிவரும். சொல்லாமலே இருந்தால், சாவியைப் பிடித்திருப்பவரும் கேட்டு நிற்பவரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து இரண்டு பேரும் நகராமல் போகலாம். இதற்குச் சுலபமான தீர்வு கிடைக்கவில்லை.

பெருக்கல் கணக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. கிராணியின் பேரேட்டில் மூன்று இலக்கம் எழுதத்தான் கட்டம் இருக்கிறது என்று வையுங்கள். 125 குடும்பம், ஆளுக்கு எட்டுப் படி அரிசி, மொத்தம் 1000. கட்டத்தில் விழுவதோ 000. அரிசி வரவில்லை, ஆனால் 125 பேருக்கும் அளந்து போட ஆள் நிற்கிறது. கணினியின் கட்டமும் அப்படித்தான். எல்லை தாண்டினால் முன் இலக்கம் உதிர்ந்துவிடும். பெரிய இடம் கேட்டதாக நினைத்துச் சிறிய இடத்தை வாங்கி, அதற்கு வெளியே எழுதிக்கொண்டே போகும். பெருக்கலைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் செயல் ஒன்று 2012-இல் லினக்ஸில் சேர்ந்தது. 2018-இல் கீஸ் குக், கெர்னல் முழுவதும் சிதறிக் கிடந்த பழைய பெருக்கல்களை அந்த முறைக்கு மாற்றும் வேலையை முன்னின்று நடத்தினார்.

ஒருவரே எல்லா இடத்தையும் விழுங்காமல் குழுவுக்கு ஒரு வரம்பு வைக்கும் ஏற்பாடு 2008-இல் வந்தது. அதில் இந்தியாவில் ஐபிஎம் நிறுவனத்திலிருந்த பல்பீர் சிங்கின் பங்கு முக்கியமானது.

இத்தனை விதிகள் இருந்தும் பிழைகள் தங்கின. லினக்ஸின் வலையமைப்புப் பகுதியில் 2005-லிருந்து கிடந்த ஓர் இரட்டை விடுவிப்பை 2017-இல்தான் ஆந்த்ரே கொனொவலோவ் கண்டெடுத்தார். பதினொரு ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ வல்லுநர்களின் கண்ணுக்குத் தப்பியது, கண்மூடித்தனமாக ஆயிரமாயிரம் கேள்விகளை வீசிச் சோதிக்கும் ஒரு கருவியிடம் மாட்டிக்கொண்டது. அந்நிறுவனத்தின் இயங்குதளம் முதலிய பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகத் தவறுகளே என்று மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2019-இல் சொன்னார்கள். ஐம்பதாண்டு அனுபவத்துக்குப் பிறகும் இந்தக் கணக்கு! திறமை குறைவு என்று இதற்குச் சமாதானம் சொல்லிவிட முடியாது.

எனவே மொழியையே மாற்றும் முயற்சி வந்தது. ரஸ்ட் என்ற மொழியில் ஒரு வீட்டுக்கு உரிமையாளர் ஒருவரே. சாவியைக் கொடுத்தவர் மறுபடி உள்ளே போக முயன்றால், நிரல் ஓடுவதற்கு முன்பே மொழிமாற்றி மறுத்துவிடும். 2021 ஏப்ரலில் ரஸ்டை லினக்ஸ் கெர்னலில் சேர்க்கும் திட்டம் வைக்கப்பட்டபோது டோர்வால்ட்ஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: இடம் கிடைக்காவிட்டால் ரஸ்ட் நிரல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுமே! சாதாரண மென்பொருளில் அது நியாயம். கெர்னலுக்குள் அதை ஏற்க முடியாது என்றார். 'இல்லை' என்ற பதிலைக் கேட்டுச் சமாளிக்கும்படி மாற்றி அமைத்த பிறகே, 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்டுக்கு இடம் கிடைத்தது. புதிய நிரல்களை இப்படிப்பட்ட மொழிகளில் எழுதத் தொடங்கிய ஆண்ட்ராய்டில், பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகத் தவறுகளின் பங்கு 2019-இல் 76 விழுக்காடாக இருந்து 2024-இல் 24 விழுக்காடாக இறங்கியதாக கூகுள் கூறியது.

2024 ஜூலையில் விழுந்த கணினிகளுக்கு இவை எதுவும் உதவவில்லை. திரும்ப இயங்காத கணினிக்கு வலை வழியாக மருந்து அனுப்ப முடியாது. தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் பல கணினிகளின் முன்னால் போய் உட்கார்ந்து, பாதுகாப்பு நிலையில் இயக்கி, அந்த ஒரு கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் நீண்ட கடவு எண்ணையும் தட்டச்சிட வேண்டும். பிறகு அடுத்த மேசைக்குப் போக வேண்டும். பாதுகாப்பு மென்பொருள்கள் கெர்னலுக்கு வெளியே நின்றே வேலை செய்ய வழிவிடும் ஏற்பாட்டை, 2025 ஜூலையில் சில நிறுவனங்களுக்கு மட்டும் சோதனைக்குக் கொடுப்பதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது.