குருத்து தின்ற வருஷங்கள்

எங்கள் ஆத்தா பனங்குருத்தைக் கையால் தொடமாட்டாள். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் காட்டு வரப்பில் பனை சாய்ந்தால் பிள்ளைகள் அரிவாளோடு ஓடுவோம். மட்டைகளை அரிந்து விலக்கினால் உள்ளே முழங்கை நீளத்துக்கு வெள்ளைக் குருத்து. இளந்தேங்காயும் முட்டைக்கோசுத் தண்டும் கலந்த ருசி. ஆத்தாவிடம் நீட்டினால், "தாது வருஷத்துத் தீனி, எனக்கு வேண்டாங் கண்ணு" என்பாள்.

தாது வருஷப் பஞ்சத்தை அவள் பார்த்ததில்லை. அவளுடைய மாமியார் சிறுபிள்ளையாக இருந்து பார்த்தவள். 1871 குடிக்கணக்கில் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறத்தாழ 19.7 லட்சம், 1881-இல் 16 லட்சம். நடுவில் வந்ததுதான் 1876–78 பஞ்சம். கம்பும் சோளமும் பொய்த்தபோது பனையைச் சாய்த்துக் குருத்தைத் தின்றார்கள் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. பனைக்கு வளரும் நுனி ஒன்றுதான். அதை எடுத்தால் மரம் பட்டுப்போகும். பாளை விடவே பதினைந்து, இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும் மரம், ஒரு வேளைப் பசிக்குப் போய்விடும்.

பிறகு 1937. அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது எங்கள் ஜில்லாவில்தான். எங்கள் ஊர் இருக்கும் நாமக்கல்லும் அப்போது சேலத்தோடு சேர்ந்தது. 1925 முதல் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்து குடியின் கேட்டை நேரில் கண்டவர் அவர். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் அப்பாருக்கு வந்துகொண்டிருந்த கள்ளுக் குத்தகை நின்றது. முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கும் தெளுவுக்கு (பதநீருக்கு) அந்த வரும்படி இல்லை. வரப்பு மரங்கள் ஒவ்வொன்றாய்ப் பனங்கைகளாகிக் கூரை ஏறின. அந்த வருஷங்களில் குருத்துக்குப் பஞ்சமே இல்லையாம்!

மூன்றாவது வெட்டை நானே பார்த்தேன். செங்கல் சூளைக்கு விறகாக லாரி லாரியாகப் போனது. குருத்து வரப்பிலேயே கிடந்து அழுகியது, தின்ன ஆளில்லை. பிரேசிலில் இதே பண்டத்தை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அங்கேயும் ஒற்றைத் தண்டு ஜுசாரா பனை காட்டில் அருகிப்போன பிறகு, வெட்ட வெட்டப் பக்கக்கன்று விடும் இனங்களுக்கு மாறினார்கள். நம் பனைக்குப் பக்கக்கன்று கிடையாது.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எங்கள் வரப்பில் அதற்குள் மிஞ்சியது ஏழு மரம். உங்கள் ஊரில் பனை லாரி ஏறினால், அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.