புதுச்சேரிக்குக் குடிவரலாமா?

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "சின்ன ஊர், எங்கே போனாலும் நடந்தே போய்விடலாம், கடற்கரை இருக்கு, கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் பக்கம். ஒரு வீடு பார்த்து வந்துவிடலாமா சார்?" அவர்களுக்கு நான் முதலில் சொல்வது திருவேங்கடம் பிள்ளையின் கதையை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை அவர் இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருந்தது.

நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பாதான் இந்தத் திருவேங்கடம் பிள்ளை. சென்னைப் பெரம்பூரில் வியாபாரம் செய்தவர். மகன் பிறந்ததும் அங்கேதான், 1709-ல். மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் தரகராக இருந்தார். அவர்தான் இங்கே வரும்படி அழைத்தவர்.

அழைத்த ஊர் எப்படிப்பட்டது? பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் வந்து இறங்கிய இடம். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு, 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். கையில் இருந்த கொஞ்ச காலத்தில் அவர்கள் செய்து வைத்த காரியம் ஊருக்கு வரைபடம் போட்டது. 1694-ம் வருஷத்து அந்தப் படத்தில் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகின்றன. நெசவாளருக்கென்று தனித் தெருக்கள். நெசவுத் தெரு என்றால் வாசலில் பாவு நீட்ட நேரான இடம் வேண்டுமல்லவா? இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் புகைப்படம் எடுத்து மகிழ்கிற இந்தத் தெரு ஒழுங்குக்கு விதை போட்டது துணி வியாபாரம். பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்ததும் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை, கிடங்கு, துறை, வணிகர் வீடு எல்லாம் நடை தூரத்துக்குள் அமைந்தன.

ஆனால் தெரு நேராக இருந்தால் போதுமா? கம்பெனிக்குப் பணத்தட்டுப்பாடு. சென்னை வணிகரும் நெசவாளரும் வந்தால்தான் ஊர் ஓடும். வந்தவர்களுக்கோ ஒரு பெரிய மனக்குறை. பாதிரிமார் பேச்சைக் கேட்டு, திருவிழா கொண்டாடுவதற்கு கவர்னர் கட்டுப்பாடு போட்டார். 1715-ல் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு வெளியே போய்விட்டார்கள். மனு எழுதி வழி பிறக்காத இடத்தில், மூட்டை கட்டுவதுதான் அவர்கள் கையிலிருந்த ஓட்டு. தறி ஓடவில்லை, சரக்கு ஏறவில்லை என்றதும் கவர்னர் இறங்கி வந்தார். ஜனங்களைச் சமாதானம் பேசித் திரும்ப அழைத்து வருவதில் நைனியப்ப பிள்ளைக்குப் பங்கு உண்டு.

அதுவே அவருக்கு வினையாயிற்று. எபேர் என்ற கவர்னர் 1716-ல் அவரைப் பிடித்து அடைத்தார். ஜனங்களை வெளியேறத் தூண்டியவரே அவர்தான் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. சவுக்கடி, சிறை, அபராதம் மூன்றும் விதித்தார்கள். ஊருக்கு உழைத்த மனிதர் 1717-ல் சிறையிலேயே இறந்தார். திருவேங்கடம் பிள்ளையும் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறி பாரிஸ் வரைக்கும் போனார். ராஜப் பிரதிநிதி ஓர்லேயான் பிரபுவிடம் முறையிட்டார். அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு ஊர் திரும்பினார். தகப்பனார் மேல் சொன்ன தீர்ப்பு ரத்தாயிற்று, எபேரின் பதவியும் போயிற்று. புது கவர்னர் லா ப்ரெவோஸ்தியேர், திருவேங்கடம் பிள்ளையை மறுபடி வரும்படி அழைத்தார்.

உறவுக்காரர் சிறையில் செத்த ஊர். போவதா, வேண்டாமா? அவர் வந்தார். வியாபார லாபம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அது முதல் தடவையும் இருந்ததே. இரண்டாம் தடவை புதிதாகக் கிடைத்தது, அநியாயம் நடந்தால் கேட்க ஒரு இடம் இருக்கிறது, கேட்டால் தீர்ப்பு மாறும் என்ற நம்பிக்கை. அவர் வந்ததனால்தான் மகன் இங்கே வளர்ந்தார், 1736-லிருந்து நமக்கு நாட்குறிப்பு கிடைத்தது.

ரங்கப்பிள்ளை வீதியில் அந்த வீடு இன்னும் நிற்கிறது. கீழே நம்மூர் மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணித் தூண். கவர்னர் மாளிகைக்கு அங்கிருந்து நிதானமாக நடந்தாலும் பக்கம்தான். ஆனால் துய்ப்ளேக்ஸ் காலத்தில் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? மேளதாளத்தோடு பல்லக்கில் மாளிகை முற்றம் வரை போகலாம், காலில் செருப்போடு உள்ளே நுழையலாம். நடந்து போகக்கூடிய ஊரில் நடக்காமல் போவதுதான் கௌரவம்! பின்னாளில் வெள்ளைக்காரத் துரைமார் பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் போனதும் அந்த வகைதான். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வீட்டுக்கு வீடு திண்ணையும் தாழ்வாரமும் கட்டி, வெயிலிலும் மழையிலும் போகிறவருக்கு நிழல் கொடுத்தது தமிழர் தெரு.

பிள்ளை 1761 ஜனவரியில் காலமானார். நாலு நாளில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்ததும் பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி எழுப்பினார்கள்.

எங்கள் தலைமுறைக்கு இந்தக் கேள்வி வேறு விதமாக வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி. எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வினைச்சொல் ஒப்பித்துக்கொண்டிருந்த பையன். எங்கள் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "பாட்டன் பூட்டன் இங்கேதான், கையெழுத்து எதுக்கு?" என்றார். அடுத்த வீட்டு சொல்தா எழுதிக் கொடுத்தார். இரண்டு குடும்பமும் அதே தெருவில், அதே தாழ்வாரத்தில்தான் இருந்தோம். அவர்கள் வீட்டுக்கு பென்ஷன் பிராங்கில் வந்தது, எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் கைமாற்று. பின்னாளில் ஆபீசில் எத்தா-சிவில் பதிவுகளைப் பிரதி எடுத்துக் கொடுத்த காலத்தில், அந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பெருமூச்சு விடாத ஆள் அபூர்வம். எழுதிக் கொடுத்துப் போனவர்கள் ஊரை நினைத்து, எழுதிக் கொடுக்காதவர்கள் பிராங்கை நினைத்து.

இப்போது புல்வாருக்குள்ளே வீடு வாங்குவது ஓய்வூதியக்காரர் காரியமில்லை. சொல்தா வீடுகளில் பல ஓட்டலாகிவிட்டன. சனி, ஞாயிறுகளில் மிஷன் வீதியில் நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள். நேரு வீதியைக் கடக்க என் வயசில் பக்கத்தில் ஒரு கை வேண்டும்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முத்தியால்பேட்டையிலோ உருளையன்பேட்டையிலோ ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். மழையில் மார்க்கெட்டுக்கு நடந்து போய்ப் பாருங்கள். ராத்திரி நெஞ்சு வலித்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று தெரிந்துகொண்டு, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.