முருங்கைக்கீரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறலையா? சூப்பர்ஃபுட் தட்டில் நீங்கள் கவனிக்காமல் விடுவது இதுதான்!

ரீல்ஸைத் திறந்தால் போதும். கண்ணாடி ஜாடியில் ஊறிய சியா விதை, மேலே அவகாடோ, ஓரத்தில் நாலு ப்ளூபெர்ரி. 'தினமும் இதைச் சாப்பிடுங்க, உடம்பு வேற லெவல்ல மாறிடும்' என்கிறது பின்னணிக் குரல். உடனே ஆர்டர் போட்டு, ரெண்டு நாள் ஊறவைத்துக் குடித்து, மூணாவது நாள் மறந்தும் போயிருப்பீர்கள். அந்த பாக்கெட் இப்போது உங்கள் கிச்சனில் எந்த மூலையில் இருக்கிறது? (என்னுடையது பெருங்காய டப்பாவுக்குப் பின்னால்!)

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 'சூப்பர்ஃபுட்' என்பது மருத்துவச் சொல் இல்லை, விற்பனைச் சொல். இந்த உணவு சூப்பர்ஃபுட், இது இல்லை என்று பிரித்துச் சொல்ல அறிவியலில் எந்த வரையறையும் கிடையாது. அதற்காக அந்த உணவுகள் எல்லாம் டுபாக்கூர் என்று அர்த்தமில்லை. கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைய சத்து தரும் உணவுகள் நிஜமாகவே இருக்கின்றன. அதில் பாதி, கீரைக்கார அம்மாவின் கூடையிலும் மளிகைக் கடை மூட்டையிலும் இருக்கிறது.

சரி, அப்போ கீரை வாங்கிப் பொரியல் பண்ணிட்டா முடிஞ்சுதா? அங்கேதான் சிக்கலே.

2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவிகிதம். அதாவது, உங்கள் ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் இருந்தால், ரெண்டு பேருக்கு இருக்க வாய்ப்பு உண்டு. படி ஏறினால் மூச்சு வாங்கும், மதியம் ஆனால் கண் சொருகும். 'ஸ்ட்ரெஸ்தான்' என்று நாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். கொல்லைக்குக் கொல்லை முருங்கை மரம் நிற்கும் ஊரில் ஏன் இந்த நிலைமை?

மாதவிடாய் ரத்த இழப்பு, குடற்புழு, பி12 குறைபாடு, டயட் என்ற பெயரில் பட்டினி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால், நாம் அதிகம் பேசாத இன்னொன்று, சாப்பிட்ட சத்து உடம்பில் சேராமல் போவது.

கீரை ஓகே... கூட என்ன சாப்பிட்டீங்க?

100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. ஒரு கரண்டிப் பொரியலில் அதில் பாதிகூட வராது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் என்று ஐ.சி.எம்.ஆர் 2020ல் பரிந்துரைத்திருக்கிறது. ஆணுக்கு 19. இந்த எண் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தாவர உணவிலிருக்கும் இரும்பை நம் குடல் அவ்வளவு எளிதில் உறிஞ்சாது. ஆட்டு ஈரல், கறி, மீனில் இருப்பது சட்டென்று சேரும். கீரை, பயறு, சிறுதானியத்தில் இருப்பதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும்.

அந்தக் கதவைத் திறந்துவிடும் சாவி, வைட்டமின் சி. அது தாவர இரும்பை உடல் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. ஆனால், ஒரே வேளைச் சாப்பாட்டில் ரெண்டும் சேர்ந்து வயிற்றுக்குள் போக வேண்டும். காலையில் நெல்லிக்காய் ஜூஸ், ராத்திரி கீரை என்றால் பலன் குறைவு.

'முருங்கைக்கீரையிலேயே வைட்டமின் சி கொட்டிக் கிடக்கே, ஆரஞ்சைவிட ஏழு மடங்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே' என்கிறீர்களா? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி கீரையில் 108 மில்லிகிராம், ஆரஞ்சில் 40-க்குக் கொஞ்சம் மேலே. ரெண்டரை மடங்குதான். அதுவும் பச்சைக் கீரையில். அடுப்பில் வதக்கும்போது அதில் கணிசமாகப் போய்விடும். அதனால் கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். லெமன் சாதத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டுத்தானே சாறு ஊற்றுகிறோம், அதே டெக்னிக்!

எலுமிச்சை வேண்டாமா? சாப்பாட்டோடு பாதி கொய்யா சாப்பிடுங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. பெரிய நெல்லிக்காயில் சுமார் 250. பஸ் ஸ்டாண்டில் உப்பு மிளகாய்த்தூள் தடவி விற்கும் கொய்யாவுக்கு ஒரு ரீல்ஸ்கூட இல்லை, பாவம்.

கதவைத் திறக்கும் சாவி இருப்பதுபோல, பூட்டும் ஒன்று இருக்கிறது. டீ. அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. காபியும் அப்படித்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால், அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீயை விடவே வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். (இதை எழுதும்போது என் டேபிளில் ஒரு டீ ஆறிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டு இருபது நிமிஷம்தான் ஆகிறது. ஆறட்டும்.)

கூழ் எனும் அட்வான்ஸ்டு டெக்னாலஜி

100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம். கீன்வாவில் சுமார் 200. நம் வெள்ளை அரிசியில் பத்துகூட இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கேழ்வரகை அடித்துக்கொள்ள தானியங்களில் ஆளே இல்லை. ஆனால் நியாயமாகச் சொன்னால், புரதத்தில் கீன்வா முன்னே நிற்கிறது. அது 13 கிராம், கேழ்வரகு 7 கிராம்தான். அதற்குக் கீன்வாதான் வாங்க வேண்டும் என்றில்லை. கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிறது. கேழ்வரகுக் களியோடு கொள்ளுக் குழம்பு வைத்தவர்கள் விவரமானவர்கள்.

கேழ்வரகிலும் ஒரு தடை உண்டு. தானியம், பயறுகளில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் இரும்பையும் கட்டிப்போட்டுவிடும். அதை அவிழ்க்கும் வழிகள் ஊறவைப்பது, முளைக்கட்டுவது, புளிக்கவைப்பது. மாவை ராத்திரி கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் கூழ் காய்ச்சினார்களே, அது அந்த வேலையைத்தான் செய்தது. அவசரமாகப் பாலில் கலக்கும் மாவைவிட, முளைக்கட்டி வறுத்து அரைத்த மாவு மேல். கடையில் வாங்கினால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். 'ராகி பிஸ்கட்' என்ற பெயரும் முதல் இடத்தில் மைதாவும் இருந்தால், நீங்கள் வாங்குவது மைதா பிஸ்கட்.

சியா விதையைத் தூக்கிப்போடணுமா?

வேண்டாம், ஏற்கெனவே வாங்கியதைச் சாப்பிடுங்கள். நார்ச்சத்து இருக்கிறது, ஒமேகா-3 இருக்கிறது. ஆனால் காய்ந்த விதையை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள். அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொள்ளக்கூடும், ஊறவைத்தே சாப்பிடுங்கள். ஜிகர்தண்டா கடையில் பார்க்கும் சப்ஜா விதை வேறு, இது வேறு. அடுத்த முறை வாங்கும்போது ஆளி விதையை யோசியுங்கள். அதே வகை ஒமேகா-3தான், விலையும் குறைவு. பொடித்துச் சாப்பிட்டால்தான் சத்து சேரும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மத்தி மீன் போதும். தெற்கே சாளை என்பார்கள். விதைகளில் இருக்கும் ஒமேகா-3-ஐ உடம்பு மாற்றிப் பயன்படுத்த வேண்டும், அதில் கொஞ்சம்தான் மாறும். மீனில் இருப்பது நேரடியாகவே பயன்படும். நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் கால்சியம் போனஸ்.

இவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்க

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். ஆக்ஸலேட் வகை சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலைக்கீரை ஸ்மூத்தியை ஓரங்கட்டுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்த ஜூஸ் சேலஞ்சிலும் இறங்க வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, கேப்ஸ்யூலில் அடைத்த மஞ்சள் வேறு. மிளகுச் சத்தும் சேர்த்து விற்கப்படும் சில மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு 'சரி, கீரையிலேயே பார்த்துக்கலாம்' என்று முடிவெடுக்கும் முன், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. நல்ல சாப்பாடு அது திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே பள்ளத்தில் இருப்பதை ஏற்றிவிட பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும். ஸ்கூலில் வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தார்களே, நாம் பெஞ்சுக்கு அடியில் போட்டோமே, அந்த நீல மாத்திரையின் உறவுதான் இதுவும். டாக்டர் எழுதிக்கொடுத்தால் பாலோடும் டீயோடும் விழுங்காதீர்கள், எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம்தான். பயந்துபோய் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.