சட்டாம்பிள்ளையும் மாணவர் தலைவரும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் நின்றவன் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவருள் ஒருவனை ஆசிரியரே அப்பொறுப்பில் அமர்த்துவார். பிள்ளைகளைக் கூட்டி வைப்பதும், பாடம் ஒப்புவிக்கச் செய்வதும், தவறியோரை ஆசிரியரிடம் காட்டிக்கொடுப்பதும் அவன் கடமைகள். உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் இவனை மறவாது குறித்துள்ளார். ஆசிரியருக்கு அஞ்சியதைக் காட்டிலும் பிள்ளைகள் இவனுக்கு அஞ்சியதே மிகுதி எனலாம். ஆயினும் அவனைத் தெரிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை.

இச்சட்டாம்பிள்ளை கடல் கடந்த வரலாறு சுவையானது. 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். 1797-இல் அதுபற்றி இலண்டனில் அவர் நூல் வெளியிட, 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. பிற்காலத்தில் ஆங்கிலக் கல்வியோடு 'மானிட்டர்' என்ற பெயர் பூண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தவன், ஒருவகையில் நம் வீட்டை விட்டுப் போன பிள்ளையே.

அமர்த்தப்பட்ட அவன் தேர்ந்தெடுக்கப்படும் தலைவனாக மாறியதற்குப் பள்ளிக்கு வெளியே நிகழ்ந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். 1952-ஆம் ஆண்டை இப்பகுதி மறக்க இயலாது. இருபத்தொரு வயது நிரம்பிய அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் அது. 1951 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. அத்தேர்தலில், 1949 முதல் சென்னை மாநில முதலமைச்சராக விளங்கிய ராஜபாளையத்தின் பூ. ச. குமாரசாமி ராஜா, பதவியில் இருக்கும்போதே அண்டை ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோல்வியுற்றார். எழுத்தறியாதார்க்கு வாக்கு எதற்கு என வினவியோர், எளிய மக்களின் சீட்டு முதலமைச்சரையும் வீட்டுக்கு அனுப்பும் என்பதைக் கண்டனர். தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்கு வழங்கியவரும் அவரே என்பது அவர் பெருமை.

அதே ஆண்டு செப்டம்பரில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் நடுவணரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்தது. குடியாட்சிக்குரிய குடிமக்களை உருவாக்குவதைப் பள்ளியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக 1953-இல் வெளிவந்த அதன் அறிக்கை கொண்டது. தெளிவாகச் சிந்தித்தலும், தெளிவாகப் பேசுதலும் எழுதுதலும் அதற்கு அடிப்படை என அது கருதியது.

இப்பயிற்சியை உண்மையில் அளித்தது தலைவர் தேர்தலா, இலக்கிய மன்றமா என்று கேட்டால், மன்றமே என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. செயலாளராக வந்த மாணவர் சென்ற கூட்டத்தின் அறிக்கையை எல்லார் முன்னிலையிலும் படித்தாக வேண்டும். பட்டிமன்றத்தில் தாம் நம்பாத அணியிலும் நின்று பேச வேண்டும். நடுவர் தீர்ப்புக்குத் தலைவணங்க வேண்டும். நன்றியுரையை இரண்டே நிமிடங்களில் முடிக்கக் கற்க வேண்டும். (இக்கலை பெரியோர்க்கே கைவராதது!) ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பலர், அவர்களுக்கு மேடைத் தமிழ் பழகும் இடமாகவும் மன்றம் அமைகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்கோ இன்னுமொரு முன்மாதிரி ஊரிலேயே உண்டு. திருப்பாவையில் 6 முதல் 15 வரையிலான பத்துப் பாசுரங்களும் உறங்கும் தோழியரை எழுப்புவன. உறுப்பினர் அனைவரும் வந்து சேரும் வரை நோன்புக் கூட்டம் புறப்படுவதில்லை.

தலைவர் தேர்தலின் நிலை வேறு. பல பள்ளிகளில் வேட்பாளர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சில சொற்கள் பேசுவர். வகுப்புதோறும் துண்டுத்தாளில் பெயரெழுதி இடுவர். சீட்டுகள் தலைமையாசிரியர் அறைக்குச் செல்லும். மறுநாள் பெயர் மட்டும் அறிவிக்கப்படும். யார் எத்தனை வாக்குப் பெற்றார் என்பது அறையைவிட்டு வெளிவருவதில்லை. வென்றவர் செய்யும் பணியோ, அணிவகுப்பில் கட்டளையிடுவதும் பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுமே. சீட்டு புதிது, பதவி பழைய சட்டாம்பிள்ளையினுடையது.

இவ்விடத்தில், பாடநூல் போற்றும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நினைத்தல் தகும். முதற் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை முறை உண்மையில் குலுக்கலே, வாக்கெடுப்பன்று. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடைய, முப்பத்தைந்து வயது கடந்தவர்க்கே அதில் இடம். எனினும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஓலையை எடுப்பவன், உள்ளிருப்பது அறியாத ஒரு சிறுவன். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் ஏந்தி, அவையோர் கேட்க வாசிக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விரித்துக் காட்டிய அக்கையை நம் பள்ளிகள் பாடமாக நடத்துகின்றனவே தவிரப் பின்பற்றக் காணோம்.

மாற்றங்கள் இல்லாமலில்லை. 1992-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, தம்மைத் தொடும் செய்திகளில் கருத்துரைக்கும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளிக்கிறது. 2024-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்' மாணவரைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாக்கித் தலைவர்களையும் அமைத்தது. பாலையில் சேர்ந்த பிள்ளை வருந்துமோ என்பது கவிஞர்கள் ஆராய வேண்டிய பொருள்.

1989 மார்ச் 28 முதல் வாக்குரிமை வயது பதினெட்டு. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் சிலர் உண்மையான வாக்காளர்களாகவும் இருக்கின்றனர். தேர்தல் நாளில் பள்ளி வகுப்பறையே வாக்குச்சாவடியாகிறது. ஏதோ ஓர் ஊர் ஆசிரியர் அங்கே தேர்தல் அலுவலராக அமர்ந்து அம்மாணவர் விரலில் மையிட ஏற்பாடு செய்கிறார். அவ்வாக்கு எண்ணப்படும்போது வேட்பாளரின் முகவர் அருகிருந்து பார்ப்பார். அதே மாணவர் தம் பள்ளித் தலைவருக்கு இட்ட சீட்டை எண்ணியவர் யார் என்பது அவருக்குத் தெரியாது.