வரைகலை அட்டைத் திறனளவீட்டின் வரலாறு: எண்ணும் நம்பகத்தன்மையும் (1996–2013)

ஆய்வுச்சுருக்கம்

கணினி விளையாட்டுகளைக் கொண்டு வரைகலை அட்டைகளின் திறனை அளக்கும் முறை 1996 முதல் 2013 வரை அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒற்றை எண்ணின்மீது வைக்கப்பட்ட நம்பிக்கை தளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் அளவுகோல் திருத்தம் பெற்றது என்பதை நான்கு நிகழ்வுகளின்வழி நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வரைகலை அட்டை, திறனளவீடு, சட்டகம், இயக்கி மென்பொருள், குவேக், கிரைசிஸ்

முன்னுரை

திரையில் அசையும் காட்சி என்பது அடுத்தடுத்து வரையப்படும் நிலைப்படங்களின் தொடராகும். அவற்றுள் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். ஒரு நொடியில் ஓர் அட்டை எத்தனை சட்டகங்களை வரைகிறது என்பதே நெடுங்காலம் அதன் திறனைக் குறிக்கும் எண்ணாக விளங்கியது. வாங்குவோரின் தேர்வும் நிறுவனங்களின் விற்பனையும் இவ்வெண்ணைச் சார்ந்தமையால், அது தொழில்நுட்பக் குறிப்பு என்ற நிலையைக் கடந்து வணிகப் போட்டியின் களமாயிற்று.

பதிவுசெய்த ஆட்டம் அளவுகோலாதல்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'குவேக்' விளையாட்டில் 'டைம்டெமோ' என்னும் கட்டளை இருந்தது. முன்பே பதிவுசெய்யப்பட்ட ஓர் ஆட்டத்தைக் கணினிக்கு இயன்ற உச்ச வேகத்தில் ஓட்டி, இறுதியில் நொடிக்கான சராசரிச் சட்டக எண்ணிக்கையை அது தந்தது. மனிதர் ஆடும் ஆட்டம் முறைக்கு முறை வேறுபடும், பதிவு வேறுபடாது. எனவே இரு அட்டைகளை ஒரே காட்சியில் வைத்து ஒப்பிட இயன்றது. 1999-இல் வந்த 'குவேக் 3 அரீனா' இம்முறையைப் பரவலாக்கியது. எனினும், மீண்டும் மீண்டும் மாறாது வரும் சோதனைக்கு முன்கூட்டியே ஆயத்தமாகவும் முடியும். இம்முறையின் வலிமையே அதன் பலவீனமாகவும் அமைந்தது.

பெயர் மாற்றமும் வேக மாற்றமும்

2001-இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 அட்டை வெளிவந்தபோது இப்பலவீனம் வெளிப்பட்டது. 'ஹார்ட் ஓசிபி' இதழினர் குவேக் 3 நிரலில் 'குவேக்' என வரும் இடங்களை 'குவாக்' என மாற்றி ஓட்டினர். விளையாட்டில் வேறு மாற்றம் ஏதுமில்லை. ஆயினும் வேகம் குறைந்தது, படத்தின் தெளிவோ கூடியது. இயக்கி மென்பொருள் விளையாட்டின் பெயரை அடையாளம் கண்டு, படத் தெளிவைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது இதனால் புலனாயிற்று. பின்னர் ஏடிஐ வெளியிட்ட திருத்திய இயக்கியில் வேகம் பெரிதும் குன்றாமலேயே தெளிவு மீண்டது. எண்ணோடு படத்தின் தரத்தையும் ஒருசேர ஆராய வேண்டும் என்னும் பாடத்தை இந்நிகழ்வு தந்தது.

சோதனைக்கும் சோதனை

ஃபியூச்சர்மார்க் நிறுவனத்தின் '3டிமார்க்03' விளையாட்டன்று; சோதனைக்கெனவே ஆக்கப்பட்ட மென்பொருள். அதில் காட்சிக்கோணம் வகுத்த பாதையிலேயே செல்லும். 2003 மே மாதம் ஃபியூச்சர்மார்க் வெளியிட்ட ஆய்வு, என்விடியாவின் இயக்கி இச்சோதனையை இனங்கண்டு, அப்பாதையிலிருந்து புலப்படாத பகுதிகளை வரையாமல் விட்டதைக் காட்டியது. அத்தகைய இனங்காணலைத் தடுத்த திருத்தப் பதிப்பில் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24.1 விழுக்காடு சரிந்தது. ஏடிஐ அட்டையின் மதிப்பெண்ணும் 1.9 விழுக்காடு குறைந்தது. ஆனால் அடுத்த மாதமே இரு நிறுவனங்களும் வெளியிட்ட கூட்டறிக்கையில், ஃபியூச்சர்மார்க் இதனை ஏமாற்று எனக் கருதாமல் 'குறிப்பிட்ட மென்பொருளுக்கான மேம்படுத்தல்' எனக் குறித்தது. ஏமாற்றுக்கும் மேம்படுத்தலுக்கும் இடையிலான எல்லையை வகுப்பவர் யார் என்னும் வினா இதனால் தீராமல் நின்றது.

கிரைசிஸ்: கடினத்தின் அளவு

ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் 2007 நவம்பரில் வெளியிட்ட 'கிரைசிஸ்' இவ்வரலாற்றில் தனித்த இடம் பெறுகிறது. அடர்ந்த காடு, நெடுந்தொலைவுக் காட்சி, விரிவான ஒளி நிழல் ஆகியவற்றைக் கொண்ட இவ்விளையாட்டை 1920×1200 தெளிவில் உச்ச அமைப்பில் சீராக இயக்க அன்றைய தனியொரு அட்டையாலும் இயலவில்லை. வரவிருக்கும் வன்பொருளை எண்ணியே உச்ச அமைப்பு வகுக்கப்பட்டதாக அதன் படைப்பாளர்கள் பின்னர் விளக்கினர். 'இதில் கிரைசிஸ் ஓடுமா?' என்னும் கேள்வி கணினி ஆர்வலரிடையே வழக்காயிற்று. 2020-இல் வந்த மறுபதிப்பு, தன் உச்ச அமைப்புக்கு அக்கேள்வியையே பெயராகச் சூட்டியது. எனினும் இதனை நடுநிலையான அளவுகோல் எனக் கொள்ளுதல் அரிது. இவ்விளையாட்டு என்விடியாவின் கூட்டு விளம்பரத் திட்டத்தில் இடம்பெற்றிருந்தமை இங்கு நோக்கத்தக்கது.

நொடிக்குள் நுழைதல்

மேற்கண்ட சோதனைகள் யாவும் சராசரியை நம்பின. 2011 செப்டம்பரில் 'டெக் ரிப்போர்ட்' இதழின் ஸ்காட் வாசன் அதன் குறையைச் சுட்டினார். ஒரு நொடியில் 59 சட்டகங்கள் தலா 10 மில்லிநொடியிலும், எஞ்சிய ஒன்று 410 மில்லிநொடியிலும் வரையப்படுவதாகக் கொள்வோம். சராசரி நொடிக்கு 60 சட்டகம் என நிறைவாகவே தோன்றும். ஆடுபவர் காண்பதோ ஏறத்தாழ அரை நொடி உறைந்த திரை. ஆதலின் ஒவ்வொரு சட்டகத்தின் காலத்தையும் தனித்தனியே பதிந்து, 99 விழுக்காடு சட்டகங்கள் எவ்வளவு காலத்திற்குள் முடிகின்றன என அவர் நோக்கினார். 2013-இல் சட்டகந்தோறும் வண்ணப் பட்டை இட்டுத் திரைவெளியீட்டையே பதிவுசெய்து அலசும் முறை வந்தது. அதன்வழி, ஏஎம்டியின் இரட்டை அட்டை அமைப்பில் சில சட்டகங்கள் சில வரிகளே திரையில் தோன்றியும் முழுச் சட்டகமாக எண்ணப்பட்டமை தெரியவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏஎம்டி இதற்கான திருத்தத்தை வெளியிட்டது. இக்கருவியை உருவாக்கியது போட்டி நிறுவனமான என்விடியா என்பதும் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பதினேழு ஆண்டுகளில் அளவீடு சராசரி எண்ணிலிருந்து படத் தரத்திற்கும், அங்கிருந்து சட்டக காலத்திற்கும் விரிந்தது. 2001, 2003 நிகழ்வுகளில் அளக்கப்பட்ட பொருளே அளவுகோலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது; 2011-இல் அளவுகோல் தானே அனுபவத்தை மறைத்தது. இவ்விரு குறைகளும் வெளிப்பட்டமைக்குக் காரணம், கிடைத்த எண்ணை ஏற்று அமையாமல் அவ்வெண் உருவான வழியை ஆராய்ந்தமையே. தேர்வு மதிப்பெண் முதல் ஆய்விதழ்த் தரவரிசை வரை எண்ணால் மதிப்பிடும் எத்துறைக்கும் இவ்வரலாறு பொருந்துவதாகும்.